வியாழக்கிழமை மெயின் ஸ்விட்ச்

புனேயில் அப்போதெல்லாம் வியாழக்கிழமை என்றால் கரண்ட் போகும் நாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். எங்கள் ஆறு பேர் கம்பெனியில் அன்றைக்கு யாரும் பெரிய வேலையில் கை வைக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வியாழனுக்காக நான் மட்டும் ஆசையாகக் காத்திருந்தேன்.

காரணம், புனேக்கு வெளியே ரஞ்சன்காவ் ஃபேக்டரி ஒன்றின் உதிரிபாக ஸ்டோருக்காக நான் எழுதிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர். அது ஒழுங்காக ஓடினால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று எங்கள் மராட்டிய முதலாளி சொல்லியிருந்தார். எந்த வகை டேட்டாபேஸ் என்பதில் எனக்கும் பக்கத்து மேஜைக்காரிக்கும் தினமும் சண்டை. புனேயின் வானவடியில் வளர்ந்த ராணுவக் குடும்பத்துத் தமிழ்ப்பெண் அவள்.

“அரே, ஃபைல் டேட்டாபேஸ் போதும்ப்பா. ஒரு ஸ்டோர், ஒரு கம்ப்யூட்டர். அதுக்குப் போய் சர்வரா? ஃபால்து, வெட்டி வேலை” என்பாள்.

“கரண்ட் போச்சுன்னா? நீயா ரஞ்சன்காவ் போய் சரி பண்ணுவ?”

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஃபைல் வகை எளிது; பதிவுகள் நேராக ஃபைலில் போய் உட்காரும். சர்வர் வகையோ செய்யப்போவதை முதலில் தனியாகக் குறித்துக்கொண்டு பிறகுதான் செய்யும். நடுவில் நின்றாலும் குறிப்பைப் பார்த்து எழுந்துவிடும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது, கண்ணால் பார்த்ததில்லை. அதை அவளிடம் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

அந்த வியாழன் காலையில் இரண்டு கம்ப்யூட்டர்களில் இரண்டு வகையையும் ஏற்றி, பதிவுகள் தானாக ஏறிக்கொண்டேயிருக்கும்படி விட்டேன். பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. வாராவாரம் தவறாமல் போகிற கரண்ட் அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை. பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது. எழுந்து போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டேன்.

உள்ளே முதலாளி அலறினார். காலையிலிருந்து அடித்த கடிதம் போயே போய்விட்டது. “குருவார் ஹை நா!” என்று எல்லோரும் வியாழக்கிழமையைத் திட்டினார்கள். என்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சற்றுப் பொறுத்து ஸ்விட்சை ஏற்றினேன். ஃபைல் வகையில் பதிவுகள் குழம்பி, போல்ட்டைத் தேடினால் வாஷர் வந்தது. சர்வர் ஒரு நிமிடம் முனகியது. பிறகு பாதியில் நின்ற ஒரு பதிவைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தன. துள்ளிக் குதித்து முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு தடவை நடந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம், அடுத்த வியாழன் கரண்ட் போகும்போது பார்க்கலாம் என்றார் இந்தியில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அதுவரைக்கும் எதுக்கு சார்? இப்பவும் நான்தான் ஸ்விட்சை இறக்கினேன். இன்னொரு தடவை இறக்கறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பக்கத்து மேஜைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேராகப் போய்த் தானே ஸ்விட்சை இறக்கினார். ஏற்றினார். மறுபடி இறக்கி ஏற்றினார். இரண்டு தடவையும் சர்வர் எழுந்தது.

கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், “வீட்டுக்கு எழுதிப்போடு, இங்கேயேதான் இருக்கப் போகிறேன் என்று” என்றார்.