மகள் போட்ட முதல் அதட்டல்

மூன்று வயதாகியும் எங்கள் மகள் பேசவில்லை. மூக்கண்டப்பள்ளியில் இருந்து நானும் கணவரும் மாறி மாறி கம்பெனி ஷிப்டுக்குப் போனோம். வீட்டில் இருப்பவருக்குத் தூக்கம்தான்; அவளிடம் பேச ஆளில்லை. மலைக்கோயிலில் அவளுக்காக வேண்டிக்கொண்டு வந்த வாரமே, பைக்கிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. "உனக்குக் கண்ணில்லையா?" என்று சாமியிடம் அழுதேன்.

கட்டுப்போட்ட காலோடு அவர் நாளெல்லாம் மகளிடம் கதையளந்தார். ஒரு மாலை, ஊன்றுகோல் இல்லாமல் எழுந்தார்.

"அப்பா, உக்காரு!" என்று அதட்டினாள் மகள்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டது கெடச்சிருச்சு. என் காலை அடகு வெச்சா வேண்டிக்கிட்ட?" என்று சிரித்தார்.

கால் சேர்ந்து அவர் வேலைக்குப் போன பிறகும் அவள் வாய் ஓயவில்லை. சாமி என் வேண்டுதலைக் கேட்டுத்தான் அவரை வீட்டில் உட்காரவைத்தார் என்றே நம்புகிறேன்.