தயிருக்குப் பக்கத்தில் ஒரு குப்பி

பெருமையடிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அதனால்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் என் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நானே உலை வைத்துக்கொண்டேன்.

தூங்கும் முயலின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடித்த பெப்டைட் அது. புரதத்தின் சிறு துணுக்கு. அதைப் போட்டால் தூக்கம் ஆழமாகுமா, நைந்துபோன உடம்பு சீக்கிரம் தேறுமா என்று வெளிநாடுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான மலையாளி சார் மாதக்கணக்கில் கடிதம் எழுதி ஒரு குப்பி வரவழைத்தார். உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். அதை வைத்துச் சோதனை நடந்தால்தான் என் உதவித்தொகை இன்னொரு வருஷம் நீளும்.

வந்த வாரமே ஆய்வகத்து ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. கரமனையில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டு என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை மடியில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"தூக்க மருந்தும்மா. முயல் ரத்தத்திலேர்ந்து எடுத்தது."

அது பொய். எங்களுக்கு வந்தது ரசாயனமாகச் செய்தது. அதனால் ஒரு முயலுக்கும் சேதமில்லை. முயல் என்றால் கேட்கப் பிரமாதமாக இருக்குமே என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபிரிட்ஜைத் திறந்தால் குப்பி இல்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல், நல்ல வெயிலில், தேங்காய்ச் சிரட்டையால் மூடிப் பத்திரமாக இருந்தது. தொட்டால் சுட்டது.

"ரத்தத்தைத் தயிருக்குப் பக்கத்துலே வெப்பாளா? தூரப் போடலையே, மூடித்தானே வெச்சிருக்கேன்."

உண்மையைச் சொன்னேன். உதவித்தொகையையும் சொன்னேன். அம்மா சிரட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலையில் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் குப்பியைத் தூக்கிப் பார்த்து, இதை இனி நம்ப முடியாது என்றார்.

"சாரமில்ல குட்டி," பரவாயில்லை என்று மலையாளத்திலேயே தேற்றினார். "சத்யம் எழுதி வேறொண்ணு கேக்காம். பக்ஷே அடுத்த குப்பி வரும்போ தயிர் எவிட வைக்கும்?"

முந்தின ராத்திரி முழுக்கக் கண் மூடாதவள், வீட்டுக்கு வந்து வெறுந்தரையில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். ஒரு பெப்டைடும் தேவைப்படவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து, தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல்தட்டு காலியாக, துடைத்து வைத்திருந்தது. தயிரைக் காணோம். எட்டிப் பார்த்தால், அது கொல்லைக் கல்லின்மேல் அதே சிரட்டையை மூடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது வர மாசக்கணக்காகும்மா. வருமோ என்னமோ."

"வரட்டும். எடம் இருக்கணுமோன்னோ?" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். "நிஜ ரத்தமானாலும் வெச்சுக்கோ."

அன்றைக்குத் தயிர் பல் கூசப் புளித்தது. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.