நூற்றுப்பத்து வாட்

அலுவலகத்தில் அவருக்கு 'எடைக்கல்' என்று பெயர். கடைகளிலும் கிடங்குகளிலும் உள்ள தராசுகளைச் சரிபார்ப்பது இருபத்தாறு ஆண்டுகளாக அவருடைய தொழில். இருபது கிலோ இரும்புக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டில் வைப்பார். தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வார். எல்லாம் ஒத்து வந்தால் தேதியிட்ட முத்திரைத் தாளை ஒட்டுவார். அந்த முத்திரை ஓராண்டு செல்லும். "புது மெஷின் சார், இது போய்த் தப்பாக் காட்டுமா?" என்று கடைக்காரர் யாராவது இழுத்தால், "மெஷின் தன்னைப் பத்தித் தானே நல்லாத்தான் சொல்லும். நான் கல்லைத்தான் கேப்பேன்" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

அவருடைய தந்தை மாரடைப்பால் இறந்தபோது வயது ஐம்பத்திரண்டு. அண்ணனும் ஐம்பத்திரண்டில்தான் போனார். காய்கறிப் பையோடு படியேறியவர் பாதிப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. எடைக்கல்லுக்கு ஐம்பது முடிந்த சில மாதங்களில் நெஞ்சுவலி வந்தது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பிய மருத்துவர், எடை தூக்கும் வேலையைத் தடுத்துவிட்டார்; அலுவலகத்தில் மேசை வேலைக்கு மாற்றினார்கள்.

"வீட்டுக்குள்ளயே சைக்கிள் மிதிங்க. ரோட்டுல போனா மேடு, பள்ளம், நாய், லாரி, எதுவும் உங்க சொல்லுக் கேக்காது. நூத்திப்பத்து வாட்ல இருபது நிமிஷம், நாடித்துடிப்பு நூத்திப்பத்தைத் தாண்டாம மிதிச்சுக் காட்டுங்க. அப்புறம் எடை தூக்குறதைப் பத்திப் பேசலாம்."

எடைக்கல் ஒரு பயிற்சிக் கருவியை வாங்கினார். சைக்கிளின் பின்சக்கரத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டினால், டயர் ஓர் உருளையின்மேல் அழுந்திச் சுழலும். கால் எவ்வளவு சக்தி கொடுக்கிறது என்பதைக் கருவி கணித்து, கைப்பேசிச் செயலிக்கு அனுப்பும். செயலியில் வாட் கணக்கும் நாடித்துடிப்பும் ஒரு கோடும் தவிர வேறொன்றும் இல்லை. அவருக்கு அதுவே பிடித்திருந்தது. அறுபது வாட்டில் தொடங்கி, எட்டாம் மாதத்தில் நூற்றுப்பத்தைத் தொட்டார். நாடி நூற்றெட்டு. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர் மகிழ்ந்து, எடை தூக்க அனுமதி எழுதிக் கொடுத்தார். மூன்று மாதங்களாக அவர் மறுபடியும் கற்களைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வேலை மாற்றலாகி வெளியூர் கிளம்பினான். கிளம்புமுன் தன்னுடைய விலையுயர்ந்த கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தான்.

"அத்தான், உங்க மெஷின் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர், மாடியில மாவு மில்லு வெச்சிருக்காங்களான்னு கேட்டாராம். அக்கா சொன்னா. இது பூனை நடக்குற மாதிரி இருக்கும். பின்சக்கரமே வேண்டாம். கழட்டிட்டுச் சங்கிலியை நேரா இதுல மாட்டிட வேண்டியதுதான்."

"பழசுக்கு என்ன குறைச்சல் மச்சான்?"

"இதோட செயலியைப் பாத்துட்டுச் சொல்லுங்க. மலை வரும், கடற்கரை வரும். உங்க கூடவே உலகம் பூரா ஆளுங்க மிதிப்பாங்க."

"எனக்கு எதுக்கு மலையும் கடலும்? எண்ணு தெரிஞ்சாப் போதும்."

"எண்ணு மட்டும் காட்டுறதுக்கு நீங்க என்ன தராசா?" என்று அவன் சிரித்தான். உள்ளே இருந்து அக்காவும் சிரித்தாள்.

எடைக்கல் எதையும் எழுதிவைத்துப் பார்ப்பவர். குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு கருவிகளையும் ஒப்பிட்டார். சத்தம், நிற்கும் உறுதி, செயலி திறக்க எடுக்கும் நேரம் எல்லாவற்றிலும் புதியதே முந்தியது. செயலியில் மேடு வந்தால் மிதி கனத்தது. இறக்கம் வந்தால் இலகுவானது. இத்தனை கோடி கண்டுபிடிப்பு நடந்துகொண்டிருக்க, நாம் ஓர் உருளையைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்றுகூட நினைத்தார். பழைய கருவியை மடக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

மறுநாள் காலை நூற்றுப்பத்து வாட்டில் மிதித்தபோது நாடி நூற்றிருபத்தாறு காட்டியது.

தூக்கம் சரியில்லை என்று எண்ணினார். இரண்டாம் நாள் நூற்றிருபத்தேழு. மூன்றாம் நாள் மார்புப் பட்டையைத் துடைத்து, புதிய மின்கலம் போட்டு மிதித்தார். நூற்றிருபத்தைந்து. பழைய செயலியின் பதிவுகளைப் புதிய செயலியில் ஏற்றிவிட்டுப் போயிருந்தான் மச்சான். அது இரண்டையும் கூட்டிக் கழித்து, சிவப்பு அம்புக்குறியோடு ஓர் அறிவிப்பைக் காட்டியது: 'உங்கள் திறன் பதினாறு விழுக்காடு குறைந்துள்ளது.'

அவர் கைப்பேசியை முகம் கவிழ்த்து வைத்தார்.

பழைய கருவியை எடுத்துப் பூட்டி ஒருமுறை மிதித்துப் பார்த்திருக்கலாம். அந்த எண்ணம் வராமலும் இல்லை. ஆனால் அதிலும் நூற்றிருபத்தாறு வந்துவிட்டால்? அப்புறம் சந்தேகத்துக்குக்கூட இடமிருக்காதே. கட்டிலுக்கடியில் அது கிடக்கும் பக்கமே அவர் பார்ப்பதை விட்டார். அலுவலகத்தில் ஒரே மாடிக்கு லிஃப்டில் போனார். கல்லைத் தூக்குமுன் இடது தோளில் வலிக்கிறதா என்று நின்று கவனித்தார், கவனித்ததால் வலித்தது. வீட்டில் காப்பீட்டுத் தாள்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன, பெட்டிச் சாவி எங்கே, தண்ணீர்க் குழாயை எந்தத் திருகில் அடைப்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, மனைவி கண்ணில் படும் இடத்திலும் படாத இடத்திலும் மாற்றி மாற்றி வைத்தார்.

பத்தாம் நாள் காலையில், புதிய செயலியில் இருந்த இலக்குப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வாட் கணக்கைக் குறித்துவிட்டால் கருவியே அதை நிலைநிறுத்தும் என்றது விளக்கம். நூற்றுப்பத்து என்று குறித்தார். நான்காம் நிமிடம் நாடி நூற்றிருபத்தெட்டு. பயந்து மிதியைத் தளர்த்தினார். மிதி இலகுவாகவில்லை, இறுகியது. வேகம் குறைந்தால், குறைந்த வேகத்திலும் அதே சக்தியைக் கறக்க, கருவி தடையைக் கூட்டும் என்பது அவருக்குத் தெரியாது. இன்னும் தளர்த்தினார், இன்னும் இறுகியது. சேற்றில் இறங்கிய கால்போல ஒவ்வொரு மிதியும் சிக்கியது. நூற்று முப்பத்தொன்று. நூற்று முப்பத்தெட்டு. திரையில் அவருடைய உருவம் பச்சைக் குன்றின் ஓரமாக ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவரோ கைப்பிடியைப் பற்றியபடி, அண்ணன் உட்கார்ந்த படியை நினைத்துக்கொண்டே, முழு உடம்பையும் கொடுத்து மிதித்தார்.

அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த மனைவி அவருடைய முகத்தைக் கண்டு, ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். கால்கள் வெறுமனே இரண்டு சுற்று சுற்றி நின்றன.

"என்னங்க இது! நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்த முடியலை."

"கால் உங்க கால்தானே? அவன் கொண்டுபோய்ட்டானா என்ன?"

அவர் தரையில் உட்கார்ந்தார். அவள் விசிறியைக்கூட எடுக்கவில்லை, எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தபால் நிலையத்தில் நாள் முழுதும் முகவரி படிக்கிறவள். முகத்தைப் படிக்கத் தெரியாதா? ஒவ்வொன்றாகக் கேட்டாள். நூற்றிருபத்தாறையும் சிவப்பு அம்பையும் அவர் சொன்னார். "இறங்கிக்கிட்டிருக்கு" என்று முடித்தார்.

"பத்து நாளா வாயில கொழுக்கட்டையா? வியாழக்கிழமை டாக்டரைப் பாக்குறோம்."

"போனா எடை தூக்கக் கூடாதும்பார். மறுபடியும் குழாய் விட்டுப் பாக்கணும்னுகூடச் சொல்வார்."

"சொல்லட்டும். அந்தத் தாளையும் கிழிச்சுப் போடுங்க. சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே அங்க வெச்சேன்."

அன்று அலுவலகத்தில் அவர் கற்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரி டயர்க் காற்றழுத்த மானிகளைச் சரிபார்ப்பவள். வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் 'பிரஷர் அக்கா'. அவள் விடவில்லை.

"என்ன எடைக்கல் அண்ணே, கல்லு கூடச் சண்டையா?"

மனைவியிடம் ஒருமுறை சொல்லிவிட்டதால் இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டவள், "ரெண்டு மெஷின்ல எது சரின்னு எதை வெச்சுப் பாத்தீங்க?" என்றாள்.

"பழசு நானே சரிபாத்தது. உருளையைச் சுத்த விட்டு, அது நிக்கிற நேரத்தைக் கணக்கெடுக்கிற சோதனை இருக்கு. வாங்கின அன்னிக்கே செஞ்சேன். முத்திரைகூட ஒட்டியிருக்கேன்."

பிரஷர் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "சைக்கிள் மெஷினுக்கு முத்திரையா! வீட்ல அண்ணிக்கும் ஒட்டியாச்சா?" பிறகு சிரிப்பு நின்றது. அவளுடைய தொழில் அவளைக் கேட்க வைத்தது. "அண்ணே, அன்னிக்கு டயர்ல காத்து எவ்வளவு இருந்துச்சு?"

எடைக்கல் அந்த நாளை நினைத்துப் பார்த்தார். பல மாதம் பால்கனியில் சும்மா நின்ற சைக்கிள் அது. டயர் தொய்ந்திருந்தது. அவசரத்தில் அப்படியே பூட்டி, மிதித்துச் சூடேற்றாமலே சோதனையை முடித்து, வழக்கமான கையால் வழக்கமான இடத்தில் முத்திரையை ஒட்டியிருந்தார். ஓராண்டு செல்லும் என்று தாளில் அச்சடித்திருந்ததை மனத்திலும் அச்சடித்துக்கொண்டார். அதன்பின் வாரந்தோறும் தவறாமல் காற்றடித்தார். டயர் இறுகி, உரசல் குறைந்து, மிதி இலகுவானது; கருவியோ முதல் நாள் கனத்தையே நம்பி, அவர் கொடுக்காத வாட்டையும் சேர்த்துக் காட்டியிருக்கும்.

"பழசு கூட்டிக் காட்டியிருக்கலாம்னுதான் சொல்றேன்" என்றாள் அவள். "புதுசு குறைச்சுக் காட்டலாம். ரெண்டுமே சரியாவும் இருக்கலாம்."

இரண்டுமே சரி என்றால் இதயம் இறங்குகிறது. அந்த மூன்றாவது சாத்தியத்தோடு அவர் வீடு திரும்பினார்.

சைக்கிள் கடைக்காரரிடம் சக்தியை அளக்கும் பெடல்கள் ஒரு ஜோடி இருந்தன. எந்தக் கருவியில் மிதித்தாலும் காலின் சக்தியை அவை நேராக அளக்கும். இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்தார். அவற்றையும் எடைக்கல் நம்பிவிடவில்லை. அலுவலகத்தில் உபரியாக இருந்த, சரிபார்த்த பத்து கிலோ கல் ஒன்றை எழுதிக் கொடுத்து வாங்கினார். பிரஷர் அக்கா தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினாள். பெடலில் கல்லைத் தொங்கவிட்டால் என்ன எண் வரவேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு. கல்லை எடுக்கக் குனிந்தவரை மனைவி தள்ளி நிறுத்தினாள்.

"எங்க மாட்டணும், அதைச் சொல்லுங்க."

அவள் மாட்டினாள். எண் ஒத்து வந்தது. எதிர்ப்பக்கமும் ஒத்து வந்தது.

புதன்கிழமை காலை முதலில் புதிய கருவியில், தொண்ணூற்றிரண்டு வாட்டில் மிதித்தார். கருவி தொண்ணூற்றிரண்டு, பெடல் தொண்ணூற்று மூன்று, நாடி நூற்றொன்பது. ஒரு மணி நேரம் படுத்து எழுந்தபின், கட்டிலுக்கடியிலிருந்து பழையதை இழுத்தார். சைக்கிளை அதில் பூட்டினார். பத்தாம் நிமிடத்தில் கருவி நூற்றுப்பத்து என்றது. நாடியைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. "நீ பாத்துச் சொல்லு" என்றார்.

"நூத்தியெட்டு" என்றாள் மனைவி.

"பெடல்?"

"தொண்ணூத்திரண்டு."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். இதயம் இறங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!" என்று எழுந்தாள். அவர் எழவில்லை.

இறங்கவில்லைதான். ஆனால் ஏறவும் இல்லை. மருத்துவர் கேட்ட நூற்றுப்பத்தை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. மிதித்ததாக எழுதிய குறிப்பேட்டை நம்பி அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தார். சென்ற மாதம் எடைமேடை சோதனைக்குப் போன இடத்தில், உச்சி வெயிலில், ஐம்பது கற்களை ஏற்றி இறக்கியது அவருக்கு நினைவு வந்தது. ஒரு டன். முடித்துவிட்டு நிழலில் நின்று தண்ணீர் குடித்தபோது, பழைய ஆளாகிவிட்டோம் என்று பெருமைப்பட்டார். பத்து நாளும் பயப்படாத ஒன்றுக்கு இப்போது பயந்தார். சட்டத்தில் ஒட்டியிருந்த முத்திரையை நகத்தால் சுரண்டினார். நன்றாக ஒட்டியிருந்தது. துண்டு துண்டாகத்தான் வந்தது.

"டாக்டர்கிட்ட இதயம் இறங்கலைன்னு மட்டும் சொன்னாப் போதாதா?" என்று வியாழக்கிழமை வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி தயங்கிக் கேட்டாள். மேசை வேலை அவரை எப்படி வாட்டியது என்று அவளுக்குத் தெரியும்.

"கடைக்காரன் அப்படிச் சொன்னா விடுவேனா?"

மருத்துவர் குறிப்பேட்டில் இரண்டு கருவிகளின் எண்களையும் பார்த்தார். "உங்க தொழில் என்னன்னு சொன்னீங்க?" என்று கேட்டு, பதில் வருமுன் கையை அசைத்து நிறுத்திக்கொண்டார். "சரி, நானும் கேக்கலையே. இதயம் அதே நிலையிலதான் இருக்கு. ஆனா நான் குடுத்த அனுமதி செல்லாது. இன்னிக்கே மேசைக்குப் போங்க. தொண்ணூத்திரண்டுல இருந்து ஆரம்பிங்க, மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"அதுக்குள்ள ஐம்பத்திரண்டு ஆயிடும், டாக்டர்."

"எனக்கும்தான்" என்றார் மருத்துவர்.

பிறந்த நாளன்று காலை எடைக்கல் சைக்கிளைப் புதிய கருவியில் பூட்டினார். பத்து நிமிடம் சூடேற்றி, சோதனை செய்து, தேதியைப் பென்சிலால் குறித்தார். இப்போதெல்லாம் வாரம் ஒருமுறை. மலையும் கடலும் காட்டும் செயலியை நீக்கிவிட்டு, எண் மட்டும் காட்டும் பழைய செயலியையே புதிய கருவியோடு இணைத்திருந்தார். மனைவி நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, சுவிட்சின்மேல் விரலை வைத்து உட்கார்ந்தாள். இலக்குப் பயிற்சி இல்லை, அணைக்க வேண்டிய அவசியமே வராது என்று அவர் பலமுறை விளக்கியாகிவிட்டது.

"எவ்வளவு?" என்றாள்.

"தொண்ணூத்திமூணு."

"அது இல்லைங்க, நாடி."

"நூத்திப்பத்து."

அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.