பெண்ணின் அப்பா பிடுங்கிய செடி

எங்கள் ஊர் தருமனைப் பொய்யர் என்று யாரும் சொன்னதில்லை. காய் விற்கப் போனால் மூட்டையின் அடியில் கிடப்பதையும் கொட்டிக் காட்டுகிற ஆள். அப்பேர்ப்பட்டவர் தன் நிலத்துக்கே மேக்கப் போட்டார் என்றால், அதற்குக் காரணம் மகன் இளஞ்செழியனின் கல்யாணம்.

பையனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. படித்துவிட்டு விவசாயம் பார்க்கிறான். அதைச் சொன்னாலே பெண் வீட்டார் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுகிற காலம் இது. வந்த வரன் எல்லாம் தட்டிப்போன நேரத்தில்தான் வெம்பாக்கத்துப் பரசுராமன் தன் மகள் ராதிகாவுக்காகச் சொல்லியனுப்பினார். அவரும் விவசாயி. மூத்த மகளின் வளைகாப்புக்கு ஆரணியில் பட்டு எடுக்க வரும்போது, அப்படியே நிலத்தையும் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்தா தருமனின் வேர்க்கடலை மஞ்சளடித்து நிற்க வேண்டும்? இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்தால் மெல்லத் தேறும். இளஞ்செழியன் அதைத்தான் தெளித்திருந்தான். தருமனுக்குப் பொறுமை இல்லை. யூரியாவைக் கரைத்துத் தெளித்தார். பச்சை ஏறியது. ருசி கண்டுவிட்டவர் மறுபடி தெளித்தார், அதற்கப்புறமும் தெளித்தார்.

"போதும்பா. பூ வெக்கற நேரத்துல இவ்ளோ யூரியா குடுத்தா எல்லாம் எலைக்கே பூடும்" என்றான் மகன்.

"நீ கம்முனு கெட. அவங்க இன்னா பூவையா எண்ணப் போறாங்க?"

அவர்கள் வந்த அன்று நிலம் கரும்பச்சையாக நின்றது. ராதிகாவும் வந்திருந்தாள். அவளும் இளஞ்செழியனும் கிணற்றோரம் பேசிச் சிரித்ததைப் பார்த்த கன்னியம்மாள், தருமனின் மனைவி, மனசுக்குள் பந்தலே போட்டுவிட்டாள்.

பரசுராமன் வரப்பில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினார். மேலே கை கொள்ளாத தழை. கீழே வேரில் சொத்தையாக ஒன்றிரண்டு பிஞ்சு.

"எலைக்கு இன்னா தெளிச்சீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. நம்ம மண்ணு அப்படி" என்றார் தருமன்.

இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். பரசுராமன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, காபி குடித்துவிட்டு, மரியாதையாகவே விடைபெற்றார்.

மறுநாள் பரசுராமனிடமிருந்து போன் வந்தது. "தழையப் பாத்ததுமே யூரியான்னு தெரிஞ்சிபோச்சிங்க. இந்த வருஷம் எங்க நெலமும் மஞ்சளாத்தான் கீதுங்க. நீங்க அப்படியே வுட்டிருந்தாலும் நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். செடியக் கையில வெச்சிகினு கேக்கறேன், மண்ணு அப்படின்றீங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னா உங்க வார்த்தைய எப்படிங்க நம்பறது?"



அந்த வருஷம் தழை மாட்டுக்கு ஆயிற்று. காய் விதைக்குக்கூடத் தேறவில்லை. அது போகட்டும், அடுத்த பட்டத்தில் எடுத்துவிடலாம். போன மாதம் கல்யாணத் தரகர் பச்சையப்பன் வந்து, வந்த வேலையோடு இதையும் சொல்லிவிட்டுப் போனார்: "அந்த வெம்பாக்கத்துப் பொண்ண படவேட்டுல குடுத்துட்டாங்க. மாப்பிள்ளையும் வெவசாயந்தான். ஒரே ஏக்கரு, அதுவும் குத்தகை."

யூரியா என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்கிறார் தருமன். மகனிடம் இந்தச் சேதியைச் சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.