மாமியாரை முட்டிய சொட்டைவாளை

மரக்காணம் உப்பளத்தில் கன்னியப்பனைப் போல எப்போதும் பின்பக்கமாகவே நடக்கிறவன் இன்னொருத்தன் கிடையாது. பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே பின்வாங்கி வரப்பைச் சேர்வது அங்கே எல்லோருக்கும் வழக்கம்தான். இவன் மட்டும் டீக்கடைக்கும் அப்படியே போவான். கல்யாண மேடையிலும் பின்பக்கமாகவே ஏறி, தாலி கட்டத்தான் திரும்பினானாம். திரும்பிய மூஞ்சியைப் பார்த்துச் சூர்யகலா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் குடும்பம் ஓடுகிறது.

ஐப்பசி மழையில் உப்பளம் முழுகி அவனுக்கு வேலை நின்றது. அதே சமயம் சூர்யகலாவுக்குப் புதுச்சேரிப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் வேலை கிடைத்தது. கைக்குழந்தை தமிழ்நிலா அப்பன் பொறுப்புக்கு வந்தாள். வந்ததும் வாயைத் திறந்தாள் பாருங்கள், கடலில் இருந்த படகெல்லாம் புயல் சைரன் என்று நினைத்துக் கரைக்குத் திரும்பிவிட்டன.

பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் இருந்த மாமியார் சாமுண்டீஸ்வரி போன் போட்டாள்.

"ஆம்பள கையில புள்ள தங்காது மாப்ள. ஞாயித்துக்கெழம வந்து தூக்கினு போயிடறேன். ரெண்டு வயசு ஆனதும் கொண்டாந்து வுடறேன்."

ரெண்டு வயசா! மகள் நடக்கப் பழகுவதைக்கூடப் பார்க்க முடியாதே என்று கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம், அழுகிற பிள்ளையைத் துண்டால் இடுப்பில் கட்டிக்கொண்டு, துணி அலச வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டைக்குப் போனான். ஏரி வழிந்து வந்து நிறைந்த நல்ல தண்ணீர். கை வைத்ததும் எதுவோ முட்டியது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் முட்டியது.

சொட்டைவாளை! கத்தியைப் போலத் தட்டை உடம்பு, கூன் முதுகு. பகலெல்லாம் பாசிக்குள் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகே இரைக்குக் கிளம்புகிற மீன். வெளிச்சம் இருக்கும்போதே இங்கே என்ன வேலை? உற்றுப் பார்த்தான். மோட்டார் குழாய் கட்டியிருந்த கழியில், தண்ணீருக்கடியில், ஜவ்வரிசி ஒட்டியதுபோல முட்டைகள். பெண்மீன் ஒட்டிவிட்டுப் போய்விடும். அதன்பிறகு எல்லாம் ஆண்மீன் பாடு. வாலால் விசிறி விசிறி முட்டைகளுக்குப் புதுத் தண்ணீர் காட்டும். கிட்ட வருகிறவர்களை முட்டும்.

வயிற்றடியிலிருந்து வால்வரை ஒரே நீளத் துடுப்பு, பாவாடை விளிம்பு காற்றில் ஆடுவதுபோல நெளிந்தது. மீன் முன்னால் போயிற்று. நெளிவு மட்டும் திசை மாறியது. உடம்பைத் திருப்பாமலே பின்னால் வந்தது. மேலே எழும்பி ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பவும் கழியடிக்கே ஓடியது.

"டேய், நீயும் நம்ம ஆளாடா!"

சந்தோஷத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பிழுக்கிற அதே நடையில் பின்னால் நடந்தான். அழுகை நின்றது. நாலு நடை போனான். தமிழ்நிலா தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமுண்டீஸ்வரி காலெல்லாம் சேறாக வந்து இறங்கினாள்.

"இன்னா மாப்ள, பின்னால நடக்கறீங்க? பேய் கீய் புடிச்சிக்கிச்சா?"

"புள்ள தூங்குது அத்தை, மெதுவா பேசுங்க."

"நான் பேசறதே மெதுவாதான்!" என்று கத்திவிட்டு, கால் கழுவக் குட்டையில் இறங்கினாள். அடுத்த நொடி, "ஐயோ, பாம்பு!" என்று கரைக்குத் தாவினாள்.

"பாம்பு இல்ல அத்தை, அப்பன். முட்டையைத் தூக்கினு போக வந்துட்டீங்கன்னு நெனச்சிக்கிச்சு."

அவள் கழியைப் பார்த்தாள். அவன் தோளில் எச்சில் வழியத் தூங்குகிற பேத்தியைப் பார்த்தாள்.

"ரெண்டு அப்பனுங்களும் பேசி வெச்சிக்கினீங்களா?" என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, புள்ள இங்கயே இருக்கட்டும். தை பொறந்து நீங்க உப்பளத்துக்குப் போறப்ப நான் இங்க வந்து பாத்துக்கறேன். கொழம்பு இன்னா மீனு?"

"கடல் மீனுதான் அத்தை. இதை இனிமே தொடமாட்டேன்."

ஊர் திரும்பிய சாமுண்டீஸ்வரி வாயில் அந்த மீன் வளரத் தொடங்கியது. போன அன்று ஒரு சாண். பொங்கலுக்குள் படகுத் துடுப்பு நீளம். இப்போது ஆளையே அடித்துச் சாய்க்கிற அளவு. கன்னியப்பன் தினமும் பொழுது சாயக் குட்டையில் ஒரு பிடி கூனி இறாலைத் தூவிவிட்டுக் கும்பிடுகிறான். யாராவது நிஜ அளவைக் கேட்டால், மாமியார் சொன்னதற்கு மேல் இன்னும் ஒரு சாண் கூட்டித்தான் சொல்கிறான். அது செய்த உதவிக்கு அதைச் சின்ன மீன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.