நெல் அறையில் அடைத்து வைத்த மாமனார்

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஆட்கள் ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்ட அந்த வருஷம், என் மாமனாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் குடும்பம் ஒருமனதாக முடிவு செய்திருந்தது. எங்கள் குடும்பம் ஒருமனதாக எடுத்த முடிவு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். இப்போது அதற்கு டிமென்ஷியா என்று பேர் சொல்லி, டாக்டர்கள் பக்குவமாக விளக்குகிறார்கள். அன்றைக்கு மூங்கில்துறைப்பட்டு பக்கம் 'கெழத்துக்குக் கழண்டுபோச்சி' என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

மறதி மட்டும் என்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் சோறு எங்கே என்பார். என்னைச் சில நாள் தங்கச்சி என்பார், சில நாள் நடவுக்கு வந்த ஆள் என்று நினைத்து வேலை ஏவுவார். இரண்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பகலெல்லாம் சாது. சாயங்காலம் ஐந்து மணியானால்தான் ஆட்டம். கதவை உதைப்பார், தட்டை விட்டெறிவார், என் பிறந்த வீட்டுப் பரம்பரையையே இழுத்து வைத்து ஏசுவார். ஒருநாள் என் வீட்டுக்காரர் கையைக் கடித்துவிட்டார். மிச்சமிருந்த மூன்று பல்லை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலையை நான் மனசுக்குள் மெச்சினேன்.

கதவு ஏன் பூட்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். மறியல் தொடங்குவதற்கு ஒரு மாசத்துக்கு முன்னால், வழக்கம்போல் சாயங்காலம் செம்போடு கழனிப் பக்கம் போனவர் வழி தெரியாமல் நடந்து, சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் யாருடைய டிராக்டர் மேலோ உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து நாலு மணிக்கே அவரை நெல் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட ஆரம்பித்தோம். வீட்டில் உருப்படியான தாழ்ப்பாள் இருந்தது அந்த அறைக்குத்தான். மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பாய், மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. காலையில் வாளியில் கொஞ்சம் மூத்திரம் இருக்கும், வேறொன்றும் இருக்காது. பாவம், நல்ல மனுஷன், எனக்கு வேலை வைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அப்படி ஒரு மடச்சியாக இருந்திருக்கிறேன்.

காரணம் கண்டுபிடிக்க ஊரே உதவிக்கு வந்தது. எதிர்வீட்டு அத்தை, புளியமரத்து முனி குடியிருக்க இடமில்லாமல் இவர்மேல் வந்து ஏறிவிட்டது என்றாள். மரத்தை வெட்டினது அவள் மகன்கள்தான், முனி அவர்களை விட்டுவிட்டு ஏன் இங்கே வரவேண்டும் என்று கேட்டதற்கு என்னோடு மூன்று நாள் பேசவில்லை. கம்பவுண்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டபிறகு வாய் இன்னும் வறண்டு, ஆட்டம் இன்னும் ஜாஸ்தியானது. என் வீட்டுக்காரரோ, ரோட்டில் மறியல் பண்ணுகிறவர்கள் போடும் கோஷம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, போராட்டத்தைக் கொஞ்சம் மெதுவாகப் பண்ண முடியுமா என்று அவர்களிடமே போய்க் கேட்டார். உதை வாங்காமல் திரும்பி வந்தது அவர் செய்த புண்ணியம்.

அதே வாரம் எங்கள் பசு தீனி எடுக்கவில்லை. வீடு கலவரப்பட்டுப் போனது. வாலைத் தூக்கிப் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், விளக்கெண்ணெய் புகட்டினார்கள். மாட்டு வைத்தியர் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் அது சாணி போட்டதும் என் வீட்டுக்காரர் தெருவில் நின்று நாலு பேருக்குச் சொன்னார்.

மாமனாருக்கு அப்படி யாரும் வரவில்லை. மூத்த மகன் எலவனாசூர்கோட்டையில் குடியிருந்தார். இப்படிப்பட்டவர்களைக் கட்டிவைக்கும் கோயில் ஒன்று இருக்கிறதாம், சங்கிலி வாங்கியாகிவிட்டது, ரோடு திறந்த அன்றே வருகிறேன் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். கல்யாணமான புதிதில் நான் அடிப்பிடிக்க விட்ட சோற்றை முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டவர் என் மாமனார். அவரைச் சங்கிலியில் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் வேறு வழி சொல்லவும் தெரியவில்லை. ரோடு இன்னும் நாலு நாள் அடைந்தே கிடக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். இட ஒதுக்கீட்டுக்காக நான் செய்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம், மரம் வெட்டியவர்களைத் தேடி போலீஸ் ஜீப் வருகிறது என்று ஊருக்குள் சேதி வந்தது. ரோட்டில் புலிமாதிரி நின்ற ஆம்பளைகள் எல்லாரும் எலிமாதிரி கரும்புக்குள் பூந்துகொண்டார்கள். ஒரு மரத்தையும் தொடாத என் வீட்டுக்காரரும் கூடவே ஓடினார். வீட்டில் நானும், உள்ளே கதவை இடித்துக்கொண்டிருந்த கிழவரும்தான். வெளியே தாழ்ப்பாள், உள்ளே ஆம்பளைச் சத்தம். ஆளை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று போலீஸ் நினைத்தால் என்ன ஆகும்? பயந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் போனார், செம்பில் தண்ணீர் மொண்டார், வேட்டியை வழித்துக்கொண்டு கரும்புக் கொல்லை ஓரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் உட்கார்ந்ததும்தான் விஷயம் புரிந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் நின்றேன். காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. வரப்புவரைக்கும் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அந்தக் கொல்லையில் யாரும் தேடவில்லை.

கால் கழுவிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தார். "சோறு இருக்குதாம்மா?" என்றார். ஒரு மாசத்தில் அந்த நேரத்துக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசு முழுக்கச் சாயங்காலம் கொல்லைக்குப் போய்ப் பழகின மனுஷனை, சரியாக அந்த நேரத்துக்கு முன்னால் பிடித்து, நெல் மூட்டைகளுக்கு நடுவில் அடைத்து, வாளியைக் காட்டியிருக்கிறோம். பிள்ளைகள் பேரை மறந்தவர், நெல்லுக்குப் பக்கத்தில் அசிங்கம் பண்ணக்கூடாது என்பதை மறக்கவில்லை.

ஜீப் போனபிறகு என் வீட்டுக்காரர் கரும்புச் சோகை கிழித்த கையோடு வந்தார். அவர் ஒளிந்திருந்தது அப்பா உட்கார்ந்த இடத்துக்கு நாலு முழம் தள்ளியாம். அவருக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளிலிருந்து நாலரை மணிக்குச் செம்பைக் கையில் கொடுத்து அவரே கூட்டிப்போனார். கம்பவுண்டர் மாத்திரையைக் குப்பையில் போட்டேன். கதவு உதை வாங்குவது நின்றது.

ரோடு திறந்தது. மூத்தவர் வாடகை வேனோடும் சங்கிலியோடும் வந்து இறங்கினார். நீங்களே சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரரைத் தள்ளினேன். அரசாங்கத்தையே எதிர்த்துப் பேசலாம், அப்பாவுக்கு வெளிக்குப் போகாததுதான் வியாதி என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று முழித்தார். கடைசியில் நானே சொன்னேன்.

"இன்னாம்மா பேச்சு இது? பொம்பள பேசுற பேச்சா?" என்றார் மூத்தவர்.

"சாயங்காலம் வரிக்கும் இருந்து பாருங்க மாமா. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

இருந்தார். சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் இருந்தார். நாலரைக்குக் கிழவர் செம்போடு போனார், வந்தார், கால் கழுவினார், மூத்தவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சங்கிலியை எடுத்து ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தார்.

"மாட்டுக்குங்களா?"

மூத்தவர் தலையாட்டினார்.

"மொரண்டு பண்ணுதா?"

"ஆமாம்" என்றார் மூத்தவர்.

"கட்டறதுக்கு முன்னாடி, சாணி போட்டுதான்னு பாத்தீங்களா?"

தன் மகனை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மூத்தவர் சங்கிலியை வாங்கித் துண்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு, அப்பாவின் ஈரக்காலைத் தன் வேட்டி முனையால் துடைத்தார்.