மூணாற்றில் அடுப்புக்கும் ஓட்டலுக்கும் நடுவே

1958 மே 5, திங்கட்கிழமை. விடியற்காலை பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோடு ஸ்டேஷனில் நாங்கள் நால்வரும் ரயில் ஏறினோம்: அத்தா, அம்மா, ஒன்பது வயதுத் தங்கை சல்மா, நான். சாமான் ஒன்பது உருப்படி. அவற்றில் ஆறு அம்மாவுடையவை. அந்த ஆறிலும் சமையல் சாமான்தான். அம்மிக்குழவியையும் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். அதை மட்டும் அத்தா வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டார்.

நாங்கள் மூணாற்றுக்குப் போனது மலை பார்க்க மட்டுமல்ல. நோன்பு மாதம் முழுக்க, விடியுமுன் ஸஹர் சோற்றுக்கும் அந்தியில் நோன்பு திறக்கவும் சமைத்துச் சமைத்து அம்மாவுக்கு ஓயாத இருமல் பிடித்துக்கொண்டது. பெருநாள் கழிந்து டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “மருந்து தருகிறேன். ஆனால் ஒரு வாரமாவது அடுப்புப் புகை படாமல் இருக்கணும். இல்லையென்றால் இது நெஞ்சிலேயே தங்கிவிடும். முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும்” என்று நான்தான் சொன்னேன். எங்கள் குடும்பத்தில், ஆண்களையும் சேர்த்துத்தான், பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களில் முதல் ஆள் நான். இப்போது பெண்கள் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆசிரியை. நான் முடியும் என்று ஒன்றைச் சொன்னால் அது முடிந்தாக வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டில் இருந்தால் அம்மா அடுப்படிக்குப் போகாமல் இருக்கமாட்டாள். அதனால் அவளை வீட்டிலிருந்தே கிளப்புவது என்று தீர்மானித்தேன். கோடை விடுமுறை இருந்தது. அத்தாவின் அரிசிக் கடையை அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மூணாற்றில் அத்தாவுக்குத் தெரிந்த தேயிலை வியாபாரி ஒருவரின் வீடு காலியாக இருந்தது. கடிதம் எழுதி அதை ஏற்பாடு செய்தவளும் நானே.

ஷொரணூரில் வண்டி மாறி, ஆலுவாயில் இறங்கியபோது நண்பகல். அங்கிருந்து மூணாறு எழுபது மைல் சொச்சம். பஸ்ஸில் ஆளுக்கு மூன்று ரூபாய். எங்கள் மூட்டைகளைப் பார்த்த கண்டக்டர், “எந்தா ராவுத்தரே, கல்யாணத்துக்கா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, ஆறு நாள் சோத்துக்கு” என்றாள் அம்மா, உடம்பைப் போர்த்திய வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து.

“மூணாறிலும் மனுஷ்யர் சோறு உண்ணும் அம்மா.”

“அது அவங்க சோறு” என்றாள் அம்மா. பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது.

கோதமங்கலம் தாண்டி, நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. வழியில் ஓர் அருவி சாலையோரத்திலேயே விழுகிறது. ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் முகத்தில் சாரல் அடித்தது. அடிமாலிக்கு மேலே குளிர் ஏறிக்கொண்டே போனது. இரவு ஏழு மணிக்கு மூணாறு. கடைவீதியிலிருந்து அரை மைல் தூரத்தில் வீடு: இரண்டு அறை, ஒரு சமையலறை, நாள் வாடகை நான்கு ரூபாய்.

அன்றே நான் திட்டத்தைச் சொன்னேன். மூன்று வேளையும் ஓட்டல். அத்தா ஒப்பவில்லை.

“டீச்சரம்மா, முப்பது வருஷமா மத்தியானம் கடைவீதி ஓட்டல் சோறுதான் நான் திங்கிறேன். லீவுலயாவது வீட்டுச் சோறு கிடைக்கும்னு வந்தேன்.”

“அப்போ யாரு ஆக்கறது?”

அத்தா என்னைப் பார்த்தார். நான் தாளில் எழுதினேன்: காலையும் இரவும் வீட்டில், சமைப்பவள் நான், மதியம் ஓட்டலிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் எடுப்பு. தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வாசித்துக் காட்டினேன். “சரி” என்றாள், மிகவும் அடக்கமாக. அந்த அடக்கத்தை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மே 6, செவ்வாய். கண் விழித்தபோது மேகம் முற்றத்தில் நின்றது. தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் பலமுறை படித்திருக்கிறேன்; கத்தரி போட்டு வெட்டிய பச்சைக் கம்பளம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அது வாரிப் பின்னிய தலைபோலத் தோன்றியது. வகிடு வகிடாகப் பாதைகள். அவற்றில் கூடையோடு பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அத்தா கடைவீதியிலிருந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் கொண்டுவந்தார். நானும் சல்மாவும் பாய் விரித்துத் திரும்புவதற்குள் சமையலறையிலிருந்து புகை வந்தது. அம்மா குழம்பை வேறு சட்டிக்கு மாற்றி, வெங்காயம் வதக்கிப் போட்டு, தேங்காய்ப்பால் பிழிந்து ஊற்றிக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். மலையில் கிடைத்தது ஈரமான கற்பூர மர விறகு. ஊதுகுழலில் ஒரு ஊது, ஒரு இருமல். ஒரு ஊது, இரண்டு இருமல்.

“ஓட்டல் குழம்பை எதுக்கும்மா மறுபடி ஆக்கறே?”

“ஆக்கலடி. சூடு பண்ணினேன்.”

மே 7, புதன். காலைச் சமையல் என்னுடையது. ஊரிலிருந்து கொண்டுவந்த சிவப்பு மட்டை அரிசியைக் கழுவிப் போட்டேன். வீட்டில் முக்கால் மணி நேரத்தில் வேகிற அரிசி. கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக முக்கால் மணியில் கஞ்சி வடித்தேன்.

சல்மா ஒரு வாய் போட்டு, மென்று பார்த்து, “அக்கா, இது சோறா, கூழாங்கல்லா?” என்றாள்.

ஐயாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், எதுவும் வேக நேரமாகும் என்று புத்தகத்தில் படித்தவள் நான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது பானைக்குள் இருக்கும் அரிசிக்கும் பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா எழுந்து பானையை மறுபடி அடுப்பில் ஏற்றி, குனிந்து ஊதினாள். இந்த முறை இருமல் வந்து நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் நீர்.

அத்தா வந்து பார்த்தார். அவள் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கிப் பரண்மேல் வைத்தார்.

“துப்பட்டியை எடு. ஓட்டலுக்குப் போவோம்” என்றார்.

“நானா? ஓட்டல்லயா? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?”

“ஊரு நூறு மைலுக்கு அந்தாண்டை இருக்கு. வா.”

கடைவீதியில் ஆற்றோரம் உள்ள ஓட்டல் அது. எட்டு மேசை. தோட்டத்து ஆட்கள், லாரி டிரைவர்கள். ஒரு பெண்கூட இல்லை. அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கல்லாவிலிருந்த உரிமையாளர் ஐம்பது வயதுக்காரர். உத்தமபாளையம் சொந்த ஊர்; அவரும் ராவுத்தர். எங்களைப் பார்த்ததும் எழுந்துவந்தார்.

“வாங்கண்ணே. அக்கா, இங்கிட்டு வாங்க. ரெண்டு நிமிசம் பொறுங்க.” உள்ளே போய்த் தம்முடைய போர்வையையே எடுத்துவந்து, மூலை மேசையைச் சுற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். அதற்குள் நாங்கள் உட்கார்ந்தோம். மதியத்துக்கான பிரியாணி அப்போதே இறக்கியிருந்தார்கள்; நான்கு சொன்னோம், தட்டு முக்கால் ரூபாய்.

தட்டுகள் வந்ததும் அம்மா எழுந்து எங்களுக்குக் கறியைப் பங்குவைக்கத் தொடங்கினாள். உரிமையாளர் கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“நீங்க உக்காருங்க அக்கா. பரிமாறுறது என் வேலை. அதையும் நீங்க பறிச்சுக்கிட்டா நான் எங்கிட்டுப் போவேன்?”

அம்மா உட்கார்ந்தாள். ஆவி பறக்கிற சோற்றை விரலால் ஆற்றி, முதல் கவளத்தை வாயில் வைத்து, வெகுநேரம் மென்றாள். பட்டை கொஞ்சம் கூடுதல் என்றாள். ஆனாலும் இரண்டாம் முறை அவர் சோறு கொண்டுவந்தபோது வேண்டாமென்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து, எங்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டது அன்றுதான்.

நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவள் நான்கு தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு, போர்வையை விலக்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து, பின்கட்டுக் குழாயடிக்குப் போய்விட்டாள். ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சுட்டது. ஓடிப்போய், “அம்மா, இங்கே நாம கழுவக் கூடாது” என்றேன்.

“சாப்பிட்ட தட்டைப் போட்டுட்டுப் போனா சோறு செரிக்காது.”

உரிமையாளர் மூன்று தட்டுகளை வாங்கிக்கொண்டு, “சரி அக்கா, உங்க மனசுக்கு ஒண்ணு மட்டும்” என்றார். அம்மா அந்த ஒன்றைச் சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்: “வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்சு நீங்க நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடணும்.”

அவர் திகைத்துப்போய், பின்னாலேயே வந்திருந்த அத்தாவைப் பார்த்தார். அத்தா ஆற்றைப் பார்த்தார்.

வெளியே வந்ததும், “அவருக்குத்தான் காசு குடுத்தாச்சே” என்றார் அத்தா.

“சோத்துக்குக் குடுத்தீங்க. தன் போர்வையை எடுத்துக் கட்டினாரே, நின்னு பரிமாறினாரே, அதுக்கு என்ன குடுத்தீங்க?”

விருந்து உண்டால் விருந்துக்கு அழைக்க வேண்டும். ஓட்டலுக்கு அது பொருந்தாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை விருந்தென்றால் காலை முதல் அடுப்பு. காலை முதல் புகை. டாக்டரிடம் நான் சொன்ன சொல் என்ன ஆவது?

மே 8, வியாழன். பஸ்ஸில் தேவிகுளம் வழியாகச் சின்னக்கானல் போய்வந்தோம். அருவியைப் பார்த்துவிட்டுத் தேயிலைச் சரிவில் உட்கார்ந்து, ஓட்டலிலிருந்து கட்டிவந்த புரோட்டாவைத் தின்றோம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அம்மாவைப் பார்த்து, “மைனி, ஊருக்குப் புதுசா? இந்தக் குளுருக்குப் பால் விடாத கட்டன்சாயாதான் தொண்டைக்கு இதம்” என்று தன் தூக்குவாளியிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அம்மா ஊதிக் குடித்தாள். நல்லவேளை, அவளை விருந்துக்கு அழைப்பதற்குள் கங்காணி சத்தம் போட்டுவிட்டார். அந்தப் பெண் மேலே ஏறிவிட்டாள்.

திரும்பும்போது அத்தாவிடம் ரகசியமாகச் சொன்னேன்: “ஓட்டல்காரர்கிட்ட, வர வேண்டாம்னு நான் சொல்லிடறேன்.”

“கூப்பிட்டுட்டு வராதேன்னு சொல்றதா? அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?” என்றார். சிறிது தூரம் போனபிறகு, “நாளைக்கு உன் அம்மாவை வெளியே உக்கார வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார்.

மே 9, வெள்ளி. காலை ஏழு மணிக்கு அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அம்மாவுக்குக் காற்று வரும் பக்கமாக முற்றத்தில் நாற்காலி போட்டோம். அவள் எழ எழ சல்மா மடியில் ஏறி உட்கார்ந்தாள். அதுதான் சல்மாவுக்கு நான் கொடுத்த வேலை. நான் அந்த வீட்டு அம்மியில் மசாலா அரைத்தேன்.

அத்தா முதலில் சுள்ளியில் தீ மூட்டி, விறகை அடுப்பைச் சுற்றி அடுக்கிக் காயவைத்தபிறகே உள்ளே தள்ளினார். புகை பாதியாகக் குறைந்தது. நெய்யில் பட்டை கிராம்பு பொரிந்தது. அரிசிக்குத் தண்ணீர் அளக்கும்போது விரலை விட்டுப் பார்த்து, “மலையில ஒரு கை கூட விடணும்” என்றார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பச்சடி. வாசனை முற்றத்துக்குப் போனது.

“யாரு ஆக்கறது அது?” என்று கேட்டாள் அம்மா.

“கல்யாணத்துக்கு முன்னே கோயமுத்தூர் தோல் மண்டியில எட்டுப் பேருக்கு மூணு வருஷம் நான்தான் ஆக்கினேன்” என்றார் அத்தா உள்ளேயிருந்து.

“இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னாலும் அடுப்பண்டை விட்டிருப்பியா?”

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகுமோ என்று நான் காத்திருந்தேன். ஆகவில்லை.

ஜும்ஆ முடிந்து உரிமையாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். அவரும் அத்தாவும் கூடத்தில் உட்கார்ந்தார்கள், நான் பரிமாறினேன். உள்ளறையில் அம்மாவுக்கும் அதே நேரத்தில் வைத்தேன். மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டபோது உரிமையாளர் சொன்னார்.

“பதினேழு வருசமா இந்த ஊர்ல இருக்கேன் தாயீ. ஊருக்குப் போனா வீட்ல ஆக்கிப் போடுவாக. இங்கன நான் ஆக்குனதத்தான் நானே திங்கிறது. சாப்பிட வாங்கன்னு என்னைய ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. ஓட்டல்காரன்தானேன்னு நினைச்சுருப்பாக.”

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “உப்பு ஒரு கல்லு குறைச்சல். மத்தபடி குத்தமில்லை.”

“அண்ணே, அக்கா எங்க ஓட்டலுக்கு வரட்டும்; நான் கல்லாவ விட்டு எந்திரிச்சுக்கிறேன்” என்றார் அவர். அவர் போனபிறகும் அத்தா அந்த உப்பைப் பற்றிக் கொஞ்சநேரம் வாதாடினார்.

மே 10, சனி. காலை ஏழு மணி பஸ். அன்று விழித்தது முதல் கவனித்தேன். அம்மா இரண்டு முறைதான் இருமினாள். டாக்டரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு சேதி இருக்கிறது. அதில் என் தாளுக்கும் திட்டத்துக்கும் பெரிய பங்கில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு போர்வைக்கும், ஒரு தூக்குச் சாயாவுக்கும், அத்தா மறைத்துவைத்திருந்த கைப்பக்குவத்துக்கும் உள்ள பங்கு பெரியது. பாலக்காட்டில் இந்நேரம் வெயில் தரையைப் பிளந்துகொண்டிருக்கும். எங்கள் சமையலறைக்கு ஒரு ஜன்னல்தான். மழை தொடங்குமுன் இன்னொன்று திறக்க வேண்டும் என்று அத்தாவிடம் சொன்னேன். கொத்தனாரை வரச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

அடிமாலியில் பஸ் கால் மணி நேரம் நின்றது. சாலையோரத்தில் ஒரு சாயாக்கடை. பெஞ்சு முழுக்க ஆண்கள். அத்தா, “நீங்க வண்டியிலேயே இருங்க, நான் வாங்கிட்டு வரேன்” என்று சொல்லித் திரும்பினார். அம்மா அதற்குள் இறங்கிவிட்டாள். நேராகக் கடைக்குள் போனாள். ஒரு கிழவர் நகர்ந்து இடம் கொடுத்தார். துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சாலையைப் பார்க்க உட்கார்ந்தாள். கடைக்காரர் தோளில் துண்டோடு வந்து, என்ன வேண்டுமென்று மலையாளத்தில் கேட்டார்.

“என்னென்ன இருக்கு, சொல்லுங்க” என்றாள் அம்மா.

புட்டு, கடலை, ஆப்பம், பழம்பொரி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். டிரைவர் ஹார்ன் அடித்தார். அம்மா அவசரப்படாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.